வௌவாலுக்கு ஏற்ற கணினி, கணினிக்கு ஏற்ற படிப்பு

அன்பும் மரியாதையும் கலந்த அண்ணனுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீயும் அண்ணியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். கடிதத்தை முடிக்கும்வரை அந்தச் சுகம் அப்படியே இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறாளே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. இவருடைய முதுகைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன், நீ அதை முடித்து வைப்பாய். சின்ன வயதிலிருந்தே நமக்குள் அப்படித்தானே. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நானே முடிக்க வேண்டும் என்பதால் பேனாவை எடுத்தேன்.

முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என் மகள், உன் ஆசை மருமகள், நீ பார்த்து வைத்த படிப்பில் சேரவில்லை. உன் ஊருக்கு வரவில்லை. உன் நாட்டுக்கே வரவில்லை. வேறொரு நாட்டில், நாங்கள் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு பல்கலைக்கழகத்தில், வௌவால்களின் சத்தத்தைப் பற்றி மேற்படிப்புப் படிக்கப் போகிறாள். ஏன் அந்த இடம் என்று கேட்டால், 'கம்ப்யூட்டர்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறாள். இதைப் படித்ததும் நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டு போனை எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். எடுக்காதே. நான் எடுக்க மாட்டேன். உட்கார்ந்து மீதியையும் படி.

நீ அனுப்பிய லேப்டாப் வந்து சேர்ந்த நாளிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். உன் நண்பர் அதைக் கொண்டு வந்து கொடுத்தபோது இவர் கை கழுவிவிட்டு வந்துதான் பெட்டியைத் தொட்டார். வெள்ளித் தகடு மாதிரி மின்னியது. காகித உறை அளவுக்குத்தான் இருக்கிறதே, மீதியை வேறு பெட்டியில் அனுப்புவார்களா என்று இவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். உன் மருமகளும் சந்தோஷமாகத்தான் வாங்கிப் பார்த்தாள். திறந்தாள், மூடினாள், மாமாவுக்கு நன்றி சொல்லி உனக்கு அப்போதே செய்தியும் அனுப்பினாள். பிறகு துணி அலமாரியில் போர்வைக்கு மேல் வைத்துவிட்டுத் தன்னுடைய பழையதைத் திறந்து வேலையைத் தொடர்ந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

பழையதை நீ பார்த்ததில்லை. எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். வாயில் எப்போதும் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அந்தத் திருகாணியிடம் கல்லூரி முதல் வருஷத்தில் இவள் வாங்கியது அது. கறுப்பாக, கனமாக இருக்கும். இவர் அதைக் கருங்கல் என்பார். மூடியின் ஒரு பக்கக் கீல் உடைந்துவிட்டது. பின்னால் ஏதாவது முட்டுக் கொடுக்காவிட்டால் மூடி மெதுவாக மல்லாந்து படுத்துவிடும். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள் எதுவும் அதற்குள் கிடையாது. உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்களாமே, அந்த வகை. அதன் பெயர் எனக்கு வாயில் நுழையாது. எதுவும் அழகாக இருக்காது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இவள் ஏதோ தட்டுவாள், அது ஏதோ பதில் சொல்லும். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்களா கொஞ்சுகிறார்களா என்று வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அதில்தான் இவள் வௌவால் சத்தத்தைப் படமாக மாற்றிப் பார்க்கிறாள். வௌவால் போடுகிற சத்தம் நம் காதுக்குக் கேட்காதாம். சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மைக்கைச் செருகிவிட்டால் அது பிடித்துக்கொள்ளுமாம். அதை மெதுவாக ஓட்டினால் நமக்கும் கேட்குமாம். இந்த வேலைக்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. அதையும் வௌவால் பைத்தியங்கள் சில பேர், ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு, சம்பளமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அது கருங்கல் வகைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். போன வருஷம் அந்த மென்பொருளில் ஒரு கோளாறை இவள் கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டு ஜன்னலில் மாட்டியிருந்த மைக் தினமும் சாயங்காலம் ஓர் அபூர்வ வௌவால் வந்து போவதாகச் சொல்லியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வராது. இவள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தாள். அந்த அபூர்வ வௌவால் நான்தான் அண்ணா. பல் மருத்துவமனையில் வேலை முடிந்து வந்து நான் வாசலில் சாவிக்கொத்தைக் குலுக்குகிற சத்தம் அதற்கு அப்படிக் கேட்டிருக்கிறது. இவள் மென்பொருளின் உள்ளே புகுந்து, சாவியையும் வௌவாலையும் பிரித்துக் காட்டுகிற மாதிரி திருத்தி எழுதி அனுப்பினாள். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு இவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை.

இப்போது நீ அனுப்பிய மூன்று படிப்புகளுக்கு வருகிறேன். மூன்றும் உன் ஊரில். மூன்றிலும் மாணவர்கள் இன்ன வகைக் கம்ப்யூட்டரோடுதான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம், அதனால்தான் நீ முந்திக்கொண்டு அதை வாங்கி அனுப்பினாய். உன் பிரியம் எனக்குத் தெரியாதா? ஆனால் இவள் அந்த வரியைப் படித்த இடத்திலேயே நின்றுவிட்டாள். மேலே படிக்கவே இல்லை. அதோடு விட்டாளா? உலகத்தில் இந்த மாதிரி மேற்படிப்பு நடத்துகிற துறைகளுக்கெல்லாம் தன் கைப்பட ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினாள்: உங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் என்ன கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்கிறார்கள்? பாடம் என்ன, ஊர் எது, குளிர் எவ்வளவு, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா, ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று கேட்காமல், அவன் வீட்டு மிக்சி என்ன கம்பெனி என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

பதில்கள் வந்தன. ஓர் இடத்தில் எங்கள் அச்சு இயந்திரங்களில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் கம்ப்யூட்டரை நாங்களே தருவோம், அதன் உள்ளே எதையும் மாற்ற மாணவர்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓர் இடத்தில் எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். இவள் அதையும் வேண்டாம் என்றாள். எதுவானாலும் சரி என்று சொல்கிறவர்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்று அர்த்தமாம். கடைசியாக ஒரே ஒரு பேராசிரியை, வயதானவர்போல, இவள் கேள்விக்குப் பதிலே சொல்லாமல், நீ அந்த மென்பொருளில் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு இவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பெண் மனதை யாரோ பறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இருந்தாலும் தாய் மனது கேட்குமா? வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்கிற ஒருவர் எங்கள் மருத்துவமனைக்குக் கடைவாய்ப் பல் அடைக்க வருவார். அவரிடம் நேரம் கேட்டு இவளை இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுக்க உலகப் படம், ஊருக்கு ஒரு குண்டூசி. எந்த நாடு வேண்டும் என்று கேட்டார். எந்த நாடானாலும் சரி என்றாள். அவருக்கு ஒரே சந்தோஷம். அப்படிச் சொல்கிற ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். என்ன கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று இவள் சொன்னதும், அவர் என்னைப் பார்த்தார். எங்கள் டாக்டர், பிள்ளை பல்லைக் காட்ட மறுத்தால் பெற்றவர்களைப் பார்ப்பாரே, அதே பார்வை. அவருடைய திரையில் நாட்டுக்கு ஒரு கட்டம், மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம், விருப்பத் தொழிலுக்கு ஒரு கட்டம் இருந்தது. கம்ப்யூட்டருக்குக் கட்டம் இல்லை. அவர் 'இதர விவரங்கள்' என்ற இடத்தில் தட்டப் போக, அவருடைய கம்ப்யூட்டரே உறைந்து நின்றுவிட்டது. இவள் எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போய் என்னவோ செய்து அதைச் சரி பண்ணிக் கொடுத்தாள். படிப்பெல்லாம் எதற்கு, என்னிடமே வேலைக்கு வந்துவிடு என்று அவர் சொன்னதோடு ஆலோசனை முடிந்தது.

அடுத்து நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உன் மச்சினரைத் திட்டக்கூடாது. நான் திட்டி முடித்துவிட்டேன்.

இவர் பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருப்பது உனக்குத் தெரியும். எந்த விஷயமும் இவருக்குப் பஸ் கணக்குத்தான். மகள் மாமாவின் பரிசைத் தொட மாட்டேன் என்கிறாள், பழையதை விட மாட்டேன் என்கிறாள், இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்று யோசித்திருக்கிறார். வழியில் ஒரு பஸ் நின்றுபோனால் பயணிகளை இறக்கி அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறோம், போகிறவர்களுக்கு ஊர் போய்ச் சேர்ந்தால் சரிதானே, அது மாதிரி பழையதில் இருப்பதையெல்லாம் புதியதில் மாற்றிவிட்டால் பெண் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துவிட்டார். அவள் கடைசிப் பரீட்சை எழுதப் போயிருந்த நாளில் கருங்கல்லையும் வெள்ளித் தகட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு திருகாணியிடம் போனார். திருகாணி இரண்டையும் இணைத்தார். பழையதைப் புதியது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இதை முதலில் தயார் செய்யவா என்று திரையில் ஒரு கேள்வி வந்ததாம். தயார் செய்வது நல்லதுதானே என்று இவர் தலையை ஆட்ட, திருகாணி அமுக்கிவிட்டார். தயார் செய்வது என்றால் அதன் பாஷையில் உள்ளே இருப்பதை அழிப்பதாம், இரண்டு வருஷத்து வௌவால்களும் பறந்துவிட்டன.

இவர் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தே நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பஸ் கவிழ்ந்த செய்தி வந்த நாளில்தான் அப்படி உட்கார்ந்திருப்பார். மகள் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். சத்தம் போடுவாள், அழுவாள் என்று நாங்கள் இருவரும் சுவரோடு சுவராக நின்றோம். இவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"இத ஏன்பா எடுத்துட்டுப் போனீங்க?"

"உனக்கு வேலை மிச்சமாகட்டும்னுதாம்மா" என்றார் இவர்.

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இவர் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அவள் வெளியே வந்தபோது அப்பா வழியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முக்கால்வாசிப் பதிவுகளை அந்த வௌவால் பைத்தியங்களின் பொது இடத்தில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருப்பதாகச் சொன்னாள். அதெல்லாம் பத்திரமாம். போனது கடைசியாக எடுத்தது மட்டும்தான். ஆனால் அதுதான் முக்கியமானது. குட்டி போட்ட காலத்தில் குட்டி தாயைக் கூப்பிடுகிற சத்தம், தாய் பதில் சொல்கிற சத்தம். அந்தப் பேராசிரியைக்கு அதை அனுப்புவதாக எழுதியிருக்கிறாள். குட்டிகள் பறக்கத் தொடங்கிவிட்டால் இந்தச் சத்தம் நின்றுவிடும், அடுத்த வருஷம்தான் திரும்ப வரும். அவள் பதிவு எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிக் கட்டடத்தில் அன்றோடு விடுமுறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

இவர், டெப்போவில் பழைய டயர் போட்டு வைக்கிற கொட்டகைப் பக்கம் பஸ்ஸை நிறுத்த டிரைவர்கள் மறுக்கிறார்கள், முன்கண்ணாடியெல்லாம் அசிங்கமாகிவிடுகிறது என்று தினமும் புகார் வருகிறது, அது வௌவால்தானே என்று கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இரவோடு இரவாகக் கருங்கல்லில் மென்பொருளையெல்லாம் மறுபடி ஏற்றிக்கொண்டாள், மறுநாள் சாயங்காலமே நாங்கள் மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

அண்ணா, அந்தக் காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். இவர் ஒட்டடைக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டிக் கூரையை நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கிறார். நான் மூன்று பேர் தலைக்கும் சேர்த்துக் குடை பிடித்திருக்கிறேன், மழைக்காக அல்ல என்பது உனக்குப் புரியும். உன் மருமகள் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் கருங்கல்லை வைத்துக்கொண்டு டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். காவலாளி விளக்கை அடித்துப் பார்த்து என்ன சார் என்று கேட்டான். சரிபார்ப்பு நடக்கிறது என்று இவர் சொன்னதும் சல்யூட் அடித்துவிட்டுப் போனான். முதல் நாள் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. பஸ்களின் காற்று பிரேக் விடுகிற 'புஸ்' இருக்கிறதே, அதில் நமக்குக் கேட்காத சத்தமும் ஏகப்பட்டது இருக்கிறதாம், வௌவால் குரலையே மூடிவிடுகிறது. மறுநாள் இவர் மைக் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு டெப்போ வாசலில் போய் நின்றுகொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 'எடு, எடு, நேரமாச்சு' என்று கத்தியே தொண்டை கரகரத்துப்போன மனிதர், வெளியே கிளம்புகிற பஸ் ஒவ்வொன்றையும் கையைக் காட்டி நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துப் போகச் சொன்னார். டிரைவர்களுக்குத் தங்கள் கண்ணையே நம்ப முடியவில்லை. காரணம் தெரிந்த பிறகு அவர்களே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, சத்தம் போடாமல் வந்து சுவர் ஓரமாக நின்றார்கள். பயணிகள் மட்டும் திட்டினார்கள். அது நியாயம்தான்.

அன்றைக்குச் சத்தம் நன்றாக விழுந்தது. அவள் அதை மெதுவாக்கி ஹெட்போனை என் காதில் மாட்டினாள். முதலில் கண்ணாடியைத் துணியால் துடைக்கிற மாதிரி ஒரு கீச்சு. கொஞ்சம் விட்டு, அதைவிடத் தாழ்ந்து, நீளமாக இன்னொன்று.

"முதல்ல வந்தது குட்டிம்மா. அடுத்தது அதோட அம்மா" என்றாள்.

அந்தக் கொட்டகையில் கூரையே தெரியாத அளவுக்கு வௌவால் தொங்குகிறது. இத்தனை இருட்டில், இத்தனை கூட்டத்தில், எது தன் குட்டி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுமாம். எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்டேன். அதைத்தான் இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை, அதற்குத்தான் படிக்கப் போகிறேன் என்றாள். நான் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குடையை நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து நேர்காணல். கருங்கல் மூலமாகத்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். உன் வெள்ளித் தகட்டில் பேசினால் முகமாவது பளிச்சென்று தெரியுமே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. முட்டுக் கொடுக்க வைத்த டப்பா முதல் நிமிஷத்திலேயே நழுவிவிட்டது. அந்தப் பேராசிரியை முதலில் என் மகளின் நெற்றியையும், பிறகு எங்கள் மின்விசிறியையும்தான் பார்த்திருப்பார். இவர் சட்டென்று தரையில் தவழ்ந்து போய், மேஜைக்குப் பின்னால் முட்டி போட்டு, மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேட்டி முடியும்வரை அசையவில்லை. முதுகு போனது அப்போதுதான். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன். வேகமாகப் பேசிக்கொண்டதால் பாதிதான் புரிந்தது. நடுவில் அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னவென்று பிறகு கேட்டேன். அந்தச் சாவிக்கொத்துத் திருத்தத்தைச் செய்தது நீதானா என்று கேட்டாராம். அவர்களுடைய கட்டடத்தில் ஓர் அபூர்வ வௌவால் குடியிருப்பதாகப் பல காலம் நம்பிக் கட்டுரைகூட எழுதத் தொடங்கிவிட்டார்களாம். இந்தத் திருத்தம் வந்த பிறகுதான் அது இரவுக் காவலர் கதவு பூட்டுகிற சத்தம் என்று தெரிந்ததாம். காவலருக்குத்தான் ரொம்ப வருத்தமாம்.

முடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டாராம். வேறு நல்ல கம்ப்யூட்டர் எவ்வளவோ இருக்க, நீ ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்று. நான் மாதக்கணக்காகக் கேட்டு வாங்க முடியாத பதிலை அவருக்குச் சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாய், எனக்கும் சொல் என்று விடாமல் கேட்டேன்.

"இது கெட்டுப்போச்சுன்னா எங்க கெட்டுப்போச்சுன்னு நானே உள்ள போய்ப் பார்க்கலாம்மா. மத்ததெல்லாம் கெட்டுப்போனா யாரையாவது கேட்டுட்டு வாசல்ல நிக்கணும். எனக்கு அப்படி நிக்கப் பிடிக்கல" என்றாள்.

எங்கள் மருத்துவமனை முன்மேஜையில் உட்கார்ந்து, டாக்டர் எப்போது கூப்பிடுவார், ஏன் வலிக்கிறது, என்ன செய்யப் போகிறார் என்று ஒன்றும் தெரியாமல் காத்திருக்கிற முகங்களை நான் தினமும் பார்க்கிறேன். அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அவளிடம் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. உபகாரச் சம்பளமும் தருகிறார்கள். இவர் டெப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். டிரைவர்கள் கொட்டகைப் பக்கம் பஸ் நிறுத்த இப்போது மறுப்பதில்லையாம்.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது. அண்ணா, உன் பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வேறு வேறு ஊருக்குப் போன பிறகு, அந்தப் பெரிய வீட்டில் நீயும் அண்ணியும் டிவியை அணைத்தால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாடி அறைக்கு அண்ணி புதுத் திரைச்சீலை தைத்தது, ஜன்னலைப் பார்க்க ஒரு மேஜை போட்டது, மருமகள் காலையில் என்ன சாப்பிடுவாள் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டது, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ தேடியது படிப்பை மட்டும் அல்ல. அதனால்தான் இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இவளுக்கும் அது தெரியும். மாமாவிடம் நானே பேசுகிறேன் என்று போனைக் கையில் எடுப்பாள், பிறகு வைத்துவிடுவாள். உன்மேல் பிரியம் இல்லாதவளுக்கு அந்தத் தயக்கம் வராது. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கோபித்தே ஆக வேண்டும் என்றால் என்னைக் கோபித்துக்கொள், எனக்குப் பழக்கம்தான். நீ கொடுத்த லேப்டாப்பைத் திருப்பி அனுப்பவா, வேண்டாமா என்று எழுது. இவர் அதைத் தொடவே பயப்படுகிறார். நான் மட்டும் ஒன்றிரண்டு தடவை திறந்து பார்த்தேன், ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். குளிரில் வெறும் காலோடு தோட்டத்தில் நடக்க வேண்டாம் என்றும் சொல். உங்கள் இருவருக்கும் உடம்பும் மனதும் குறையில்லாமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் அடிக்கடி வந்து போக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இவருடைய வணக்கத்தையும் சேர்த்துக்கொள், குனிய முடியாததால் நிமிர்ந்தபடியே சொல்கிறார்.

உன் கோபத்துக்கும் பாசத்துக்கும் காத்திருக்கும்
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்தத் துறை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் இவளைப் போனில் கூப்பிட்டார். முதல் வருஷம் தங்க விடுதியில் இடம் போட்டாகிவிட்டதாம். இரண்டாம் வருஷத்துக்கு அந்த ஊரில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, இல்லை நாங்களே பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். இரண்டாம் வருஷம் எந்த ஊர் என்று இவள் திருதிருவென்று விழித்திருக்கிறாள். படிப்பின் பின்பாதி முழுக்க இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்துவதாம். வௌவால் ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறதாம். முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். இவள் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதையும் கேட்டிருந்தால்தானே தெரியும்? அந்த அம்மாள் சொன்னது உன் ஊர்ப் பெயர் அண்ணா. நீ பார்த்து வைத்த அதே பல்கலைக்கழகம். மேலே எழுதியதை முழுக்கக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் தபால் பெட்டியைத் திறக்கிற நேரமாகிவிட்டது என்று இவர் வாசலில் நின்று 'எடு, எடு' என்கிறார். அதனால் அப்படியே அனுப்புகிறேன். மாடி அறையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று அண்ணியிடம் சொல். காலையில் அவள் ஒன்றும் சாப்பிட மாட்டாள், நீங்கள்தான் சாப்பிட வைக்க வேண்டும்.